ஊசியா, பட்டினியா?

எடை குறைக்க ஊசி போடலாமான்னு சண்டை நடக்கும்போதெல்லாம் எனக்கு 1954 ஞாபகம் வரும். ரோமில் இருந்த சிமியன்ஸ் என்ற மருத்துவர் அந்த வருஷம் லான்செட் இதழில் எழுதினார்: எச்.சி.ஜி. ஹார்மோனைத் தினமும் ஊசியாகப் போட்டு, 500 கலோரி மட்டும் சாப்பிட்டால் பசியில்லாமல் இளைக்கலாம். (ஒரு நாளைக்கு ஆறேழு இட்லி, அவ்வளவுதான்!) பிற்பாடு சோதித்தபோது, அதே சாப்பாட்டோடு வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களும் அதே அளவு இளைத்தார்கள்.

செமாகுளுடைடை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 2021இல் வெளியான சோதனையில் போலி ஊசிக்காரர்கள் 68 வாரத்தில் 2.4% குறைந்தார்கள், மருந்து போட்டவர்கள் 14.9%. ஆனால் நிறுத்திய ஒரே வருஷத்தில், குறைந்ததில் மூணில் ரெண்டு பங்கு திரும்பிவிட்டது. அப்படின்னா எத்தனை வருஷம் போடணும், யார் காசில்? இப்போதைய சண்டை அதுதான்.