மரத்தின்மேல் இருந்த வேடன்

சிவராத்திரி இரவிலே, மலைநாட்டுத் தோட்டக் கோயில்களிற் கம்பளி போர்த்துக்கொண்டு கண்விழித்திருக்கும் நம்மவருள், வேடன் கதையைக் கேளாதார் இலர். பசித்த குடும்பத்துக்காக மான் தேடிச் சென்ற வேடன் ஒருவன், நீர்நிலையருகே ஒரு வில்வ மரத்தில் ஏறிக் காத்திருந்தான். பிணைமான் ஒன்று வந்தது. அவன் நாண் இழுத்தபோது இலைகளும் அவன் வைத்திருந்த நீரும் கீழேயிருந்த இலிங்கத்தின்மேல் விழுந்தன. மான் நிமிர்ந்து பார்த்து, குட்டிகளை ஒப்படைத்து மீள்வதாகக் கூறி விடை கேட்டது. அவ்வாறே மீண்டும் வந்தது. வேடன் வில்லைத் தாழ்த்தினான் என்று சிவபுராணம் கூறும்.

இக்கதையைக் கேட்போர் வில்வத்தையும் மானையுமே நினைப்பர். நாமோ அவன் கைவில்லைப் பற்றிச் சிறிது சிந்திக்க விரும்புகின்றோம். உயரத்திலிருந்து மானை எய்தல் எளிதோ?

தமிழர்க்கு இவ்வுயரம் புதிதன்று. பரண், இதணம், கழுது எனச் சங்க நூல்கள் கூறுபவை யாவும் குறிஞ்சி நிலத்துக் காவல் மேடைகளே. தினைப்புனத்தை யானையும் பன்றியும் கிளியும் அழியாது காக்க அவற்றின்மேல் இருந்தனர். அகநானூற்று 102ஆம் பாட்டிலே, கழுதிலிருந்த கானவன் கள்ளுண்டு மயங்க, அவன் மனையாள் பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்டு யானை தினையை மறந்து துயின்றது. மேடை மட்டும் காவலாகாது. விழிப்பும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நமது தீவின் வேடர் வேறு வழி கண்டனர். 1911இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட நூல், அவர்தம் திறமை நெடுந்தூரம் எய்வதிலன்றி, ஓசையின்றி விலங்கின் அருகே செல்வதிலேயே இருந்ததெனக் காட்டுகின்றது.

மரமேறுவோன் பெறும் நன்மை இரண்டு. அவன் வாடை பெரும்பாலும் மானின் தலைக்கு மேலாகச் செல்லும். மானும் மேல்நோக்கிப் பார்ப்பது அரிது. ஆயினும் குறி தவறுதற்கும் அவ்வுயரமே காரணமாகின்றது. பாடசாலையிற் கற்ற கேத்திரகணிதத்தை ஈண்டு நினைவு கூர்வோம். வேடன் 30 அடி உயரத்தில் இருக்கின்றான். மரத்தடியிலிருந்து மான் 40 அடி தூரத்தில் நிற்கின்றது. கண்ணுக்குத் தோன்றும் சாய்வுத் தூரம் 50 அடி. ஆனால் புவியீர்ப்பு அம்பைத் தாழ்த்துவதைக் கணக்கிட வேண்டியது நிலத்தின் 40 அடிக்கே. 50 அடியென எண்ணி எய்தால் அம்பு உயரே போகும். நொடிக்கு 150 அடி செல்லும் மரவில்லின் அம்பாயின் பிழை ஏறத்தாழ 4 அங்குலம். மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய இடம் ஒரு சிறு தட்டின் அளவே. 4 அங்குலப் பிழை கொல்லாது, புண்படுத்தி ஓடவிடும். மேலும், கையை மட்டும் தாழ்த்தாது இடுப்பை வளைத்துக் குனிதல் வேண்டும்; இன்றேல் நாண் இழுப்புக் குறையும். அம்பு நுழையும் இடத்தோடு, மறுபுறம் வெளிப்படும் இடத்தையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். அமெரிக்காவிலே, இஷி என்னும் யாகி இனத்தவரிடம் வில்வித்தை கற்ற வைத்தியர் சாக்ஸ்டன் போப், 1923இல் நூலெழுதி அக்கலைக்குப் புத்துயிரளித்தார். 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லால் மான் வேட்டையாடுவோர்க்கெனத் தனிப் பருவம் வகுத்தது.

நமது பட்டிப்பொலவுக்கு அருகிலுள்ள மகாஎலிய வெளி, ஆங்கிலேய தேசாதிபதி ஹோட்டனின் பெயரால் ஹோட்டன் சமவெளியாயிற்று. 1848ஆம் ஆண்டளவில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், இம்மலைகளில் நாய்களை ஏவி மரைகளைத் துரத்தி, ஓடைகளில் மடக்கிக் கத்தியாற் குத்திக் கொன்றார். அதைப் பெருமையாக நூலிலும் எழுதினார். 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1969இல் சரணாலயமும் 1988இல் தேசியப் பூங்காவுமான அச்சமவெளியில் இன்று வேட்டையாடுதல் குற்றம்.

எனினும் வேட்டை ஒழிந்ததென்று நாம் மகிழ்தற்கில்லை. தேயிலை மலைகளின் ஓரங்களிற் கம்பிச் சுருக்குகள் இன்றும் கிடக்கின்றன. 2020இல் நல்லதண்ணிப் பகுதியிற் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை மாண்டதை நாடே அறியும். பன்றிக்கென வைத்த கம்பி, சிறுத்தையென்றும் சினைமானென்றும் பாராது. மரத்தின்மேல் இருந்த வேடனோ தூரத்தை அளந்தான். உயிரைக் கண்ணாற் கண்டான். அதன் குரலைக் காதாற் கேட்டான். ஆகையாலேதான் அவனால் வில்லைத் தாழ்த்தவும் முடிந்தது. சுருக்குக்குக் கண்ணில்லை, காதுமில்லை, தாழ்த்துதற்கு ஒரு கையுமில்லை.

நம் சங்கத்து இளைஞர்காள்! அடுத்த சிவராத்திரியில் வேடன் கதை கேட்கும் நாம், அதற்கு முன்னே நம் மலையோரங்களிற் சுருக்கு வைப்போரிடம் ஒரு வார்த்தை பேசுவோமாக. விடிந்தபின் வீடு திரும்பும் வழியிலே ஒரு மரை நிமிர்ந்து நம்மைப் பார்க்குமாயின், அதுவே நாம் நோற்ற விரதத்தின் பயனாகும்.