பெண்ணையாற்றங்கரையில் மணப்பயணம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையின் தென்கரையில் அமைந்த மணலூர்பேட்டை வட்டாரத்தில், திருமணத்திற்குச் செல்வோரின் பயணத்தை நெடுங்காலம் ஆறே நெறிப்படுத்தியது. வடகிழக்குப் பருவமழையால் ஐப்பசி, கார்த்திகையில் பெருகும் வெள்ளம் வழியை மறிக்கக்கூடும். மார்கழியில் மணவினை நடத்துவது வழக்கமில்லை. எனவே நீர் வடிந்து, அறுவடையும் கைக்கு வரும் தை மாதமே உறவினர் கூடுவதற்கு உகந்த காலமாயிற்று. அத்திங்கள் ஐந்தாம் நாளில் திருவண்ணாமலை அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்கு எழுந்தருளும் தீர்த்தவாரி, அதாவது இறைத்திருமேனியை ஆற்றில் நீராட்டும் விழா, நடைபெறுவதும் இப்பருவத்தின் சிறப்பைக் காட்டும்.

இவ்வாற்றங்கரை மணப்பயணத்தின் தொன்மைக்குக் கிழக்கேயுள்ள திருக்கோவலூர் சான்றாகிறது. வள்ளல் பாரியின் மகளிரை மணந்துகொள்ளுமாறு குறுநில மன்னர்களான விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சங்கப் புலவர் கபிலர் வேண்டியதைப் புறநானூறு கூற, பாரி மகளை திருக்கோவலூரை ஆண்ட மலையனுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்ததை முதலாம் இராசராசன் (985–1014) காலக் கல்வெட்டு அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் பதிவுசெய்கிறது.

பிற்காலத்தில் மாட்டுவண்டியில் வந்த விருந்தினர் திரும்புகையில், வழியில் உண்பதற்காகப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டித் தரப்பட்டன. கட்டுச்சோறு எனப்பட்ட அவ்வுணவு, விருந்தோம்பல் வாசலோடு முடிவதில்லை என்னும் உயரிய பண்பின் அடையாளமாகும்.