ரீடில்லாத அக்கார்டியன்

வியன்னா நகரத்து வாத்தியக் கைவினைஞரான சிரில் டெமியன், 1829-ஆம் வருஷம் மே மாதத்தில், தம் புதல்வர் இருவரோடு சேர்ந்து அக்கார்டியன் என்னும் சிறு பெட்டிக்குக் காப்புரிமை பெற்றபோது, அது இத்தாலியக் குன்றொன்றின் மேலுள்ள ஊருக்கே ஜீவனோபாயமாகும் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது. லொரேட்டோ தேவாலயத்துக்கு யாத்திரை வந்த ஆஸ்திரியர் ஒருவர் விட்டுச்சென்ற பெட்டியைப் பிரித்துப் பார்த்தே பாவ்லோ சொப்ரானி என்ற வாலிபர் இத்தொழிலைக் கற்றார் என்பது காஸ்டெல்ஃபிடார்டோ என்னும் அவ்வூரில் வழங்கும் கர்ணபரம்பரைச் செய்தி. 1863-இல் அவர் அங்கே பட்டறை தொடங்கியது சரித்திரம்.

அவ்வாத்தியத்தின் உயிர் ரீடுகளில் இருக்கிறது. உலோகத் தகட்டில் தறைந்த எஃகு நாக்கு ஒவ்வொன்றையும், சுருதி ஏற வேண்டுமானால் நுனியிலும், இறங்க வேண்டுமானால் அடியிலும் இம்மியளவு சுரண்டி, தேன்மெழுகும் பிசினும் உருக்கிய கலவையால் மரச்சட்டத்தில் பதிக்கும் அந்தப் பொறுமை வணங்கத்தக்கது.

ஜப்பானிய ரோலண்டு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட எஃப்ஆர்-7 என்னும் மின்னணு அக்கார்டியனில் ரீடும் கிடையாது, மெழுகும் கிடையாது. வலப்புறம் பியானோக் கட்டைகள், இடப்புறம் 120 பித்தான்கள், நடுவே துருத்தி என்ற பழைய உருவம் மட்டும் மாறவில்லை. கட்டையை அழுத்தும் வேகத்தையும் துருத்திக்குள் எழும் காற்றழுத்தத்தையும் உணர்கருவிகள் அளக்க, மின்சுற்றுகள் உண்டாக்கும் நாதம் ஒலிபெருக்கி வழியே வெளிப்படுகிறது. துருத்தியின் அசைவுக்கேற்ப நாதம் ஓங்கியும் ஒடுங்கியும் வருகிறது. வாசிப்பவரின் கை பழகிய வித்தையை யந்திரம் பறித்துக்கொள்ளாமல் விட்டதே இதன் பெருமை.