எங்க வம்சத்துல பசிதான் இருந்துச்சி

கல்பாக்கத்துக்குப் பக்கத்துச் சேரி எங்களுடையது. கால் புண் ஆறாத ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "உங்க வம்சத்துல யாருக்காச்சும் சக்கர இருந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "பசிதான் இருந்துச்சி" என்றது ஆயா. டாக்டர் சீட்டில் 'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

ஆயா சொன்னது சரியான பதில் என்பது என் கட்சி.

1876–78 தாது வருஷப் பஞ்சம். 1877 சனவரியில் வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் மண் வெட்டுகிறவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு ராத்தல் அரைக் கிலோகூட இல்லை. உழைக்கிற உடம்புக்கு இது காணாது என்று சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் மல்லுக்கட்டினார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தப் பசியில் வெட்டியதுதான். அதே கால்வாய் எங்க ஊர்ப் பக்கமும் ஓடுகிறது.

1891ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்கீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதன் விளைவு 1892ன் பஞ்சமி நிலம். அது யார் கையில் போனது என்று இந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரணை நில மீட்புப் போராட்டத்தில் 1994ல் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தோம்.

பஞ்சத்தில் பிழைக்க உதவிய 'சிக்கன மரபணு'தான் சோறு கண்ட காலத்தில் சர்க்கரை நோயாகிறது என்றார் அமெரிக்காவின் ஜேம்ஸ் நீல், 1962ல். 'உன் ரத்தத்திலேயே குறை' என்பதை நாம் வேறு வாய்களிலும் கேட்டிருக்கிறோம், எனவே எனக்குச் சந்தேகம். 1992ல் இங்கிலாந்தின் ஹேல்ஸும் பார்க்கரும் தாய் வயிற்றைப் பார்த்தார்கள். கருவிலேயே பட்டினி கிடந்த உடம்பு குறைந்த சோற்றுக்குப் பழகிவிடுகிறது, பிறகு நிறையச் சோற்றைத் தாங்குவதில்லை என்றார்கள். நெதர்லாந்தில் 1944–45 பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களை நடுவயதில் சோதித்தபோது, அவர்கள் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாளவில்லை.

மரபணுவும் பொய்யில்லை. டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவின் சில மாற்றங்கள் ஆபத்தைக் கூட்டுவது சென்னை ஆய்விலும் தெரிந்தது. ஆனால் அந்த மாற்றம் உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. தட்டில் என்ன விழுகிறது, உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்பதும் கூடித்தான் வருகிறது. தீட்டிய அரிசியை நிறையத் தின்றவர்களிடம் நோய் கூடுதல் என்பதையும் சென்னையிலேயே கண்டார்கள்.

ஆயாவின் இளவயதில் கேவுரு கூழ்தான், அதுவும் ஒரு வேளை. (இப்போது அந்தக் கூழை ஈ.சி.ஆர். ஓரம் காரை நிறுத்திக் குடிக்கிறார்கள்.) 2011லிருந்து ரேஷனில் இலவச அரிசி, மூணு வேளையும் சோறு. அந்த அரிசியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

2023ல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்த சேதியை ஆயாவிடம் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். கேவுரு போட நெலம் எப்பக் குடுப்பானுங்க, அதக் கேளு" என்றது.