தண்ணி ஊத்தாத தோட்டம்: திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வரலாறு

இன்னைக்கு ஒரு ஊர்ப் பேரிலிருந்து ஆரம்பிப்போம். திண்டிவனம். சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற யாரும் இந்த ஊரைத் தொடாமல் போக முடியாது. 'திந்திரிணி' என்றால் சமஸ்கிருதத்தில் புளிய மரம். திந்திரிணிவனம்தான் பேச்சுவழக்கில் திண்டிவனம் ஆச்சு என்று சொல்வார்கள். அங்கே இருக்கிற சிவன் கோயிலும் திந்திரிணீஸ்வரர் கோயில்தான். சுருக்கமா சொன்னா, புளியங்காடு. யாரும் தண்ணி ஊத்தாம, உரம் போடாம, ரோட்டோரத்துல தலைமுறை தலைமுறையா நிற்கிற மரம். நர்சரிக்குப் போய் "லோ மெயின்டனன்ஸ் செடி ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறோமே, அதற்கு ஒரு பதில் ஊர்ப் பேராகவே இருக்கிறது.

ஒரு சின்ன வேடிக்கை. புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். 'நாட்டு மரம்' என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம், அதில் எவ்வளவு பேர் பழைய விருந்தாளிகள் என்று யோசிச்சுப் பாருங்க.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிப் பக்கம் போனால் நடுவில் வல்லம் ஒன்றியம். பாறைக் குன்றுகள், ஏரிகள், வேர்க்கடலைக் காடுகள். திண்டிவனத்தில் இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பேர், ஊர்ப் பேரின் சுருக்கம். டி.எம்.வி. 2 என்ற ரகம் 1940-இல் வந்தது. மானாவாரி மண் இது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. ஆனால் மாசி தொடங்கினால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு செடிக்கு இருக்கும் ஒரே பரீட்சை, சித்திரை வைகாசியைத் தாண்டுவது.

அப்புறம் ஏன் நம்ம மனசுல 'தோட்டம்' என்றதும் பச்சைப் புல்தரை வருகிறது? அது வெள்ளைக்காரன் காலத்துச் சொத்து. மெட்ராஸில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் தொடங்கியது. வெளிநாட்டுச் செடிகளை வரவழைத்து இந்த வெயிலுக்குப் பழக்குவது அந்தக் காலச் சங்கங்களின் முக்கிய வேலை. அதைக் குறை சொல்ல வரவில்லை. நாம் சாப்பிடுகிற எத்தனையோ காய்கறி கடல் கடந்து வந்ததுதான். ஆனால் கூடவே ஒரு படமும் வந்தது: புல்தரை, வெட்டிவிட்ட வேலி, வரிசையான பூப்பாத்தி. அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு கிணறும், நாலஞ்சு தோட்டக்காரர்களும் நாள் முழுக்க உழைத்துக்கொண்டிருந்தார்கள். நம்ம அபார்ட்மென்ட் வாசலுக்குப் படம் மட்டும் வந்தது, கிணறும் ஆளும் வரவில்லை. 'பராமரிப்பு இல்லாத தோட்டம்' என்ற ஏக்கமே அங்கிருந்துதான் பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே மாவட்டத்தில் வேறொரு மாதிரித் தோட்டம் அதற்கு ரொம்ப முன்னாடியே இருந்தது. புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியா வடக்கே வந்தால் கீழ்புத்துப்பட்டு, மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில். கோயிலைச் சுற்றி ஒரு காடு. கோயில் காட்டில் விறகு ஒடிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு, சாமி கோபித்துக்கொள்ளும். அந்தப் பயம் ஒரு வகைக் காட்டையே காப்பாற்றி வைத்தது. வீரை, உலக்கைப் பாலை, களா, நாவல், பூந்திக்கொட்டை மாதிரி மரம் செடிகள் இந்தக் காட்டு வகையைச் சேர்ந்தவை. நிறைய இலைகள் சின்னதா, தடிப்பா, தோல் மாதிரி இருக்கும். கோடையிலும் மொத்தமா உதிர்ந்துவிடாது. விழுகிற இலையை யாரும் பெருக்குவதில்லை, அதனால் மண்ணுக்கு எப்பவும் ஒரு போர்வை.

வறண்ட நிலத்தில் பசுமை மாறாத காடு என்பது விசித்திரமான விஷயம். ஹெச்.ஜி. சாம்பியன் 1936-இல் இந்தியா, பர்மா காடுகளை வகைப்படுத்தியபோது இதற்குத் தனி இடம் கொடுத்தார். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மெஹர்-ஹோம்ஜி போன்றவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதினார்கள். இந்த மரங்களின் தமிழ்ப் பேர்கள் எல்லாம் ஆடு மேய்ப்பவர்கள், வைத்தியர்கள், பூசாரிகள் வாயில் காலங்காலமாக இருந்தவை. விஞ்ஞானம் வந்து அதற்கு ஒரு லத்தீன் சட்டை போட்டது.

1968 பிப்ரவரி 28-இல் இதே வட்டாரத்தில் ஆரோவில் தொடங்கியது. அப்போதைய புகைப்படங்களைப் பார்த்தால் நம்ப முடியாது: ஒரு ஆலமரம், சுற்றிலும் மொட்டைச் செம்மண், மழை அறுத்த பள்ளங்கள். வந்தவர்கள் நிழலுக்காகக் கையில் கிடைத்ததை நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு அகேசியா வேகமாக வளர்ந்தது, நிறைய இலை உதிர்த்து மண்ணை மீட்டது. அது முன்படை. அதன் நிழலில் மெதுவாக நாட்டு மரங்களை நட்டார்கள். விதைக்கு எங்கே போவது? கோயில் காடுகளுக்குத்தான்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் சாய்ந்தது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். ஆரோவிலில் அந்த அகேசியாக்கள் ஏராளமாக விழுந்தன. மெதுவாக வளர்ந்த உள்ளூர் மரங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. இதைவிடப் பெரிய செய்முறை வகுப்பு யார் நடத்த முடியும்?

வகுப்பு என்றதும் இன்னொரு வருஷத்தைச் சொல்லணும். 1974. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம், அதாவது கே.வி.கே., புதுச்சேரியில்தான் தொடங்கியது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ். செய்து காட்டிக் கற்றுக்கொடுக்கணும், செய்து பார்த்துக் கத்துக்கணும் என்பதுதான் அதன் அடிப்படை. இன்றைக்கு நாடெங்கும் எழுநூறுக்கு மேல் இருக்கின்றன, அதில் ஒன்று திண்டிவனத்தில்.

அதற்கு வெளியே இன்னொரு பள்ளிக்கூடம் மரத்தடியில் நடந்தது. நம்மாழ்வார் 1963-இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1969-இல் விட்டுவிட்டு வந்தவர். மழையை நம்பி இருக்கிற மானாவாரி விவசாயிக்கு, விலை கொடுத்து வாங்குகிற இடுபொருளை வைத்துச் செய்கிற ஆராய்ச்சியால் என்ன பிரயோசனம் என்பது அவருடைய கேள்வி. ஆரோவிலில் வாழ்ந்த பெல்ஜியத்துக்காரர் பெர்னார்டிடம் இயற்கை வேளாண்மை கற்றுக்கொண்டதை அவர் மறைத்ததில்லை. அந்த பெர்னார்டும் தீபிகா குந்தாஜியும் சேர்ந்து 1990-களில் ஒரு கூழாங்கல் பொட்டலை எடுத்து, வெளியிலிருந்து மண்ணோ உரமோ கொண்டுவராமல், இலைதழையை வைத்தே மண் உண்டாக்கி, காய்கறி விதைகளைக் காப்பாற்றினார்கள். 'பெபிள் கார்டன்' என்று அதற்குப் பேர்.

நம்மாழ்வார் கூட்டங்களில் அடிக்கடி வந்த பெயர் ஜப்பான் விவசாயி ஃபுகோகா. 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எழுதியவர். 'ஒன்றும் செய்யாத விவசாயம்' என்று அவர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் நிறைய. ஆனால் அதே மனிதர், இளவயதில் அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பைக் கவாத்து செய்யாமல் அப்படியே விட்டுப் பார்த்திருக்கிறார். கிளைகள் பின்னிக்கொண்டு, பூச்சி பிடித்து, மரங்கள் பட்டுப்போயின. வெட்டி வெட்டிப் பழக்கின மரத்தைத் திடீரென்று கைவிட்டால் அது இயற்கை விவசாயம் இல்லை, வெறும் கைவிடல் என்று அப்புறம் அவரே சொன்னார். பால்கனியில் காய்ந்துபோன தொட்டியைப் பார்த்து 'நான் லோ மெயின்டனன்ஸ் ஆள்' என்று சொல்கிற நமக்கு இந்தக் கதை கொஞ்சம் வலிக்கும்.

சென்னைக்காரர்களுக்கு இந்த வரலாறு வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. அடையாறு முகத்துவாரத்தில் சாக்கடையும் கட்டட இடிபாடும் நிரம்பிக் கிடந்த 58 ஏக்கரை, ஆரோவிலின் பிச்சாண்டிகுளம் குழு மீட்டெடுத்தது. 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். ஈ.சி.ஆர். ஓரத்துக் கோயில் காட்டின் சொந்தக்காரர்கள் இப்போது சாந்தோம் பக்கத்தில் நிற்கிறார்கள்.

இனி உங்க ஏரியாவில் தோட்டப் பேச்சு, செடி நடை, ஒரு நாள் பயிற்சி என்று அறிவிப்பு வந்தால் போங்க. ஆடியில் போனால் நல்லது. புரட்டாசியில் குழி எடுத்து, ஐப்பசி முதல் மழைக்கு நட்டு, தரையைச் சருகால் மூடாக்கு போடுவதற்கு நேரம் சரியாக இருக்கும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ தண்ணி கொடுங்க. பேசுகிறவரிடம் உரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னாடி, "இந்தச் செடி இதே ஊர்ல மே மாசம் எப்படி இருக்கும், நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேளுங்க. பார்த்தவர் என்றால் உங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவார்.