கிரேஃபிஷ் கொள்ளைநோயிலிருந்து விரால் புண் வரை: நன்னீரில் அயல் உயிர்களும் அவற்றின் ஒட்டுண்ணிகளும்

அஃபனோமைசிஸ் நீரில் வாழும் ஒரு நுண்ணுயிர்ப் பேரினம். இழை இழையாக வளர்வதால் நெடுங்காலம் பூஞ்சை என்றே எண்ணப்பட்டது. மரபணு ஆய்வுகள் வந்தபின், பூஞ்சைகளைவிடப் பழுப்புப் பாசிகளுக்கு நெருக்கமான ஊமைசீட் வகை அது எனத் தெளிவாயிற்று. இந்தப் பேரினத்தின் இரண்டு இனங்கள் நன்னீர் வரலாற்றில் பெரும் சேதம் விளைவித்தவை. அஃபனோமைசிஸ் அஸ்டாசி ஐரோப்பிய ஆறுகளின் கிரேஃபிஷ்களைக் கொன்றது. அஃபனோமைசிஸ் இன்வாடன்ஸ் ஆசியக் குளங்களின் விராலையும் குரவையையும் கெண்டைப்பொடிகளையும் புண்ணாக்கியது. தமிழகத்துக் கண்மாய் மீன்களின் நோயை விளங்கிக்கொள்ள ஐரோப்பியக் கதை உதவும். அது முந்தியது, விரிவாகவும் பதிவானது.

கிரேஃபிஷ் என்பது இறாலுக்கும் சிங்கி இறாலுக்கும் உறவான, முன்கால்களில் வலுவான இடுக்கி கொண்ட நன்னீர் உயிர். இந்தியாவிலும் ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் இயற்கையான கிரேஃபிஷ் இனம் ஒன்றுகூட இல்லை. அவற்றின் இடத்தை இங்கே நன்னீர் நண்டுகளும் ஆற்று இறால்களும் நிரப்பியிருக்கின்றன.

1859–60இல் இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியில் ஆற்றுக் கிரேஃபிஷ்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நோய் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் பரவியது. 1893இல் பின்லாந்தை எட்டியது. 1907இல் பின்லாந்திலிருந்து ஸ்டாக்ஹோம் சந்தைக்கு வந்த சரக்கில் செத்துப்போனவற்றை மாலரன் ஏரியில் கொட்டினார்கள். சுவீடனில் நோய் தொடங்கியது அங்கேதான். நோய்க்கிருமிக்கு ஷிகோரா என்ற ஆய்வாளர் பெயரிட்டது 1906இல். அதாவது முதல் சாவுக்கும் பெயருக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. அந்த இடைவெளியில் வணிகம் நிற்கவில்லை; வலைகளும் கூடைகளும் ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போய்க்கொண்டே இருந்தன.

கிருமியின் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள கிரேஃபிஷ்கள் அதனோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை. மேல்தோட்டுக்குள் இழை நுழைந்ததும் அதைச் சுற்றி மெலனின் என்னும் கருநிறப் பொருளைப் படியவைத்து அடைத்துவிடும். கிருமி சாகாது, பரவவும் செய்யாது. தோட்டில் கரும்புள்ளியாகத் தங்கி அவ்வப்போது நீந்தும் வித்துகளை வெளிவிடும். இந்தத் தற்காப்பின் வேதியியலைச் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள், குறிப்பாக உனஸ்டாமும் சோடர்ஹாலும், விளக்கினார்கள். ஐரோப்பிய இனங்களில் இதே வினை தாமதமாகவும் பலவீனமாகவும் நிகழ்வதால் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் சாவு உறுதி.

இதற்குப் பின் நடந்தது விசித்திரமானது. நோயால் வெறுமையான ஏரிகளை நிரப்ப, நோய் தாங்கும் இனம் என்பதற்காகவே 1960இல் சுவீடன் கலிபோர்னியாவிலிருந்து சிக்னல் கிரேஃபிஷைக் கொண்டுவந்தது. நோயைத் தாங்கும் உயிர் நோயைச் சுமக்கும் உயிராகவும் இருக்கும் என்ற எச்சரிக்கை அன்று எடுபடவில்லை. எஞ்சியிருந்த உள்ளூர் இனம் அதனால் மேலும் சுருங்கியது. ஸ்பெயின் 1973–74இல் லூயிசியானாவின் சிவப்புச் சதுப்புக் கிரேஃபிஷை இறக்கியது. நோயைச் சுமந்ததோடு நெல்வயல் வரப்புகளைக் குடைந்து நீரைக் கசியவிட்டதும் அதுதான். ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரண்டையும் தடைப்பட்டியலில் சேர்த்தது 2016இல்.

ஆசியாவின் கதை இதன் மறுபதிப்பு அல்ல, உடன்பிறப்பின் கதை. ஜப்பானில் 1971இல் ஆயு என்னும் மீனில் முதலில் காணப்பட்ட தசைப்புண் நோய், அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தோன்றியது. பின்னர் பப்புவா நியூ கினி, இந்தோனேசியா, தாய்லாந்து என்று மேற்கே நகர்ந்தது. 1987 இறுதியில் இலங்கை. 1988இல் வங்கதேசம், அசாம், திரிபுரா, மேகாலயா, மேற்கு வங்கம். கேரளத்தின் குட்டநாட்டை 1991இல் தாக்கியது. 1990களின் தொடக்கத்திலேயே தமிழக நீர்நிலைகளுக்கும் வந்துவிட்டது. நோய்க்காரணியான அஃபனோமைசிஸ் இன்வாடன்ஸைத் தனி இனமாக விவரித்தது 1995இல்தான். வைரஸா, பாக்டீரியாவா, பூஞ்சையா என்ற வாதம் இருபதாண்டுகளுக்கு மேல் ஓடியது. புண்ணில் மூன்றும் கிடைத்ததே குழப்பத்தின் வேர். புண் கண்ட மீனை உண்ண மக்கள் அஞ்சியதால் நலமான மீனும் விலைபோகவில்லை. ஒருவகையில் நோயைவிட அச்சமே மீனவர்களை அதிகம் வாட்டியது. புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சிஃபாக்ஸ் என்ற மருந்தை உருவாக்கியது. சுண்ணாம்பிடுதலும் குளத்தைக் காயவிடுதலும் அதற்கு முன்பிருந்தே கைகொடுத்தவை.

நோய் வெடிக்கும் சூழல் இடத்துக்கு இடம் மாறினாலும் சில கூறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன: மழைக்குப் பின் நீர் குளிர்தல், காரத்தன்மை குறைதல், தோலில் சிறு காயம். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்த பிளவக்கல் அணைகளை இந்தக் கோணத்தில் பார்ப்பது பயனுள்ளது. பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள். இந்தப் பெரியாறு முல்லைப் பெரியாறு அன்று. இரண்டும் வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை. வடகிழக்குப் பருவமழையில் மலையிலிருந்து இறங்கும் நீர் உப்புச்சத்துக் குறைந்த மென்னீர். அணையிலிருந்து அது வாய்க்கால் வழியே கண்மாய்களை அடைகிறது; ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் கீழ்க்கண்மாய்க்குப் போகும். நீந்தும் வித்துகளுக்கு இதைவிட வசதியான பாதை அமைய முடியாது. ஆனால் இதே அமைப்பில் தடையும் இருக்கிறது. கோடையில் கண்மாய் வற்றி மண் வெடிக்கும்போது ஓம்புயிரியில்லாத கிருமி நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. ஆண்டு முழுதும் நீர் நிற்கும் அணைத் தேக்கத்துக்கு இந்தத் தூய்மை கிடைப்பதில்லை. நீர்த்தேக்கங்கள் பெருகியதன் நோயியல் விளைவு, நீர்ப்பாசனக் கணக்குகளில் இடம்பெறாத ஒன்று.

தேக்கங்களிலும் கண்மாய்களிலும் இன்று யார் இருக்கிறார்கள் என்பது தனிக் கதை. சாதாக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. மொசாம்பிக் திலாப்பியா, சந்தையில் ஜிலேபி எனப்படுவது, 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. வெள்ளிக் கெண்டையும் புல்கெண்டையும் 1959இல் இந்தியாவில் இறக்கப்பட்டன. மீன்பாசிக் குத்தகைக்காரர்கள் கண்மாய்களில் விடும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவையும் கங்கைச் சமவெளியின் மீன்களே. வைப்பாற்று வடிநிலத்துக்கு அவையும் வந்தேறிகள் என்பது பலருக்கு வியப்பளிக்கும். திலாப்பியாவின் பெருக்கத்தை நாட்டின் மீன்வள ஆய்வுக்குழு 1959இலேயே தடுக்கச் சொன்னது. அதற்குள் அது பரவிவிட்டது. அமராவதி, வைகை போன்ற தேக்கங்களில் பின்னாளில் பிடிபாட்டின் பெரும்பகுதியே அதுவானது.

இங்குதான் இரண்டு வரலாறுகளும் சந்திக்கின்றன. இந்தப் புண் நோய்க்கு விரால், குரவை, கெண்டைப்பொடிகள் எளிதில் இரையாகின்றன. திலாப்பியாவும் சாதாக் கெண்டையும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஐரோப்பாவில் வந்தேறி கிருமியைச் சுமந்துவந்தது. இங்கே கிருமியும் வந்தேறியும் வெவ்வேறு வழிகளில், வெவ்வேறு காலங்களில் வந்தன. ஆயினும் நோய்க்குப்பின் காலியான இடம் யாருக்குப் போகும் என்பதில் விளைவு ஒன்றே. உள்ளூர் மீன் குறைந்ததற்குத் திலாப்பியாவின் போட்டியை மட்டும் காரணமாகச் சொல்லும் வழக்கம் நோயின் பங்கை மறைத்துவிடுகிறது.

மற்ற ஒட்டுண்ணிகளின் பயணம் இவ்வளவு ஆரவாரமானது அல்ல. நங்கூரப் புழு எனப்படும் லெர்னியா உண்மையில் புழு அன்று; இறாலைப் போல ஓட்டுடலிகளைச் சேர்ந்தது. பெண் உயிர் தலையை மீனின் தசையில் நங்கூரம்போல் புதைத்துக்கொண்டு முட்டைப்பைகளை வெளியே தொங்கவிடும். கெண்டை, தங்கமீன் வணிகத்தோடு அது உலகெங்கும் பரவியது. ஆசிய மீன் நாடாப்புழு புல்கெண்டையோடு சென்று 200க்கும் மேற்பட்ட மீன் இனங்களில் குடியேறியிருக்கிறது. அதன் இளம்பருவம் சைக்கிளாப்ஸ் என்னும் நுண் ஓட்டுடலியில் வளர்வதால், குஞ்சுப்பருவத்தில் அதை உண்ணும் எந்த மீனும் அதற்கு வாசல்தான்.

கிரேஃபிஷின் பரவலுக்கு இன்று அலங்கார மீன் வணிகமும் ஒரு முக்கிய வழி. ஜெர்மனியின் மீன்தொட்டிகளில் 1990களில் தோன்றிய பளிங்குக் கிரேஃபிஷுக்கு ஆண் தேவையில்லை. ஒரே ஒரு பெண் போதும், கூட்டமாகிவிடும். மடகாஸ்கரில் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கால்வைத்து நெல்வயல்களில் பரவிவிட்டது. ஆஸ்திரேலியாவின் செவ்விடுக்கிக் கிரேஃபிஷ் வெப்பநாடுகளில் பண்ணைக்கென விடப்பட்டுத் தப்பியிருக்கிறது. அதன் தோட்டில் ஒட்டிவாழும் தட்டைப்புழுக்களும் கூடவே புதிய நாடுகளில் குடியேறின. தைவானின் பண்ணைகளில் இந்த இனம் அஃபனோமைசிஸ் அஸ்டாசியால் மடிந்தது, அந்தக் கிருமி ஆசியாவுக்குள் வந்துவிட்டதற்குச் சான்று.

இந்திய ஆறுகளில் அந்தக் கிருமியால் சாகக் கிரேஃபிஷ் இல்லை. ஆனால் கிருமி கிரேஃபிஷோடு நிற்பதில்லை. துருக்கியின் எகிர்திர் ஏரியில் நன்னீர் நண்டுகளிலேயே அது கண்டறியப்பட்டது. இந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் உள்ளன. பல மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரிரு ஓடைகளுக்கு மட்டுமே உரியவை. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக 2021இல் அறிவிக்கப்பட்ட காட்டின் ஓடைகளும் அந்த மலைத்தொடரிலேயே அடங்கும். காப்பகத்தின் எல்லை விலங்குக்கும் மரத்துக்கும் காவல். ஒரு மீன்தொட்டியின் நீர் ஓடையில் ஊற்றப்படுவதை அது தடுக்காது.