ஆன்டெனா பார்த்த திசை

1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் டிவி வாங்கியவர்கள் ஆன்டெனாவைச் சென்னைப் பக்கம் திருப்பவில்லை, கடல் பக்கம் திருப்பினார்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் அதன் அலை அவ்வளவு தூரம் எட்டாது. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் பிறந்த ரூபவாஹினித் தொலைக்காட்சிதான் எட்டியது. அந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில் அதன் ஒளிபரப்பி இருந்தது. இலங்கை வானொலி கேட்டுப் பழகிய மக்களுக்கு இலங்கைப் படமும் கிடைத்தது. மொட்டை மாடியில் நீண்ட இரும்புக் குழாயை நட்டு, பூஸ்டர் மாட்டி, ஒருவர் குழாயைத் திருகுவார். "தெரியுதா?" என்பார். "புள்ளியா இருக்கு, இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று கீழிருந்து குரல் வரும்.

படம் வந்ததற்கு மலையும் கடலும் மட்டும் காரணமல்ல. இந்தியாவும் இலங்கையும் ஒரே தொழில்நுட்பத் தரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தன. ஒரு படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம், வண்ணத்துக்கு ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கிய பால் (PAL) முறை. ரூபவாஹினியை நிறுவ மானியம் தந்த நாடு ஜப்பான். அங்கே புழங்கியதோ 525 வரி கொண்ட அமெரிக்க என்டிஎஸ்சி முறை. கொடுத்தவர்கள் தங்கள் முறையையே இலங்கைக்கும் கட்டிக்கொடுத்திருந்தால், தமிழ்நாட்டுப் பெட்டிகளில் படம் நிற்காமல் உருண்டிருக்கும், ஒலியும் வந்திருக்காது. பக்கத்து நாட்டு நிகழ்ச்சியை ஒரு தலைமுறை பார்த்து வளர்ந்ததற்கு, யாரோ எங்கோ கூடி எடுத்த அந்த முடிவுதான் அடிப்படை.

1987-இல் கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்பி வந்ததும் காற்று மாறியது. உதாரணமாக, போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் வழியில் இருக்கும் ராசிங்காபுரத்துக்கு வடகிழக்கே, பறவை பறக்கும் தூரத்தில் சுமார் 40 கிலோமீட்டரில், 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கொடைக்கானல். மேற்கே ஏலமலைத் தொடர் சுவராக நின்றாலும் வடகிழக்குப் பக்கம் பள்ளத்தாக்கு திறந்தே கிடக்கிறது. சமவெளி ஊர்களுக்கு அது வரம். மலைமேல் ஏலத்தோட்டங்களின் கதை வேறு. மலை மடிப்புக்குள் இருக்கும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு அலை நேராகப் போய்ச் சேராது. பாறைச் சரிவில் மோதித் திரும்பிய அலையும் கூடவே வந்து சேரும்போது, ஒரு முகத்துக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு முகம் தெரியும்.

அந்த இரண்டாவது முகம்தான் பின்னாளில் உலகத் தொலைக்காட்சிப் பொறியாளர்களை இரண்டு அணியாகப் பிரித்தது. டிஜிட்டலுக்கு மாறும்போது அமெரிக்கா தேர்ந்தெடுத்த ஏடிஎஸ்சி, தகவலை ஒற்றை அலையில் ஏற்றியது. ஐரோப்பாவின் டிவிபி-டி, ஆயிரக்கணக்கான சிறு அலைகளில் பங்கிட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு தகவல் துணுக்குக்கும் இடையில் சிறு ஓய்வு விட்டதால், மோதித் திரும்பி வரும் அலை அடுத்த துணுக்கைக் கெடுக்காது. ஜப்பானின் ஐஎஸ்டிபி-டியும் இதே வழிதான். 2000-இல் பிரேசில் மூன்றையும் சோதித்துப் பார்த்தபோது அமெரிக்க முறை பின்தங்கியது. 2006-இல் அந்த நாடு ஜப்பானிய முறையைத் தழுவியது. மலையும் கட்டடமும் நிறைந்த ஊருக்கு எது பொருந்தும் என்று அளந்து பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. தரம் தேர்ந்தெடுப்பது இப்படித்தான் நடக்க வேண்டும்.

இந்தியா ஐரோப்பிய வழியில் போனது. நம் சேனல்களின் அகலம் 7, 8 மெகாஹெர்ட்ஸ் என ஐரோப்பாவோடு ஒத்திருந்தது, எனவே தேர்வில் குறையில்லை. ஆனால் 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் அதன் மேம்பட்ட வடிவமான டிவிபி-டி2 சேவையை அறிவித்தபோது பட்டியலில் இருந்தவை 16 நகரங்கள். தமிழ்நாட்டில் சென்னை மட்டும். மலைச்சரிவின் இரட்டை முகத்தைத் தீர்க்கக்கூடிய தொழில்நுட்பம் அப்போது மலைச்சரிவுக்கு வரவில்லை.

மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 2004 டிசம்பரில் கட்டணமில்லாத டிடி டைரக்ட் பிளஸ், 2007 கடைசியில் சன் டைரக்ட் என்று டிஷ் ஓட்டுக்கூரை வரை ஏறியது. செயற்கைக்கோள் தென்கிழக்கு வானில் நன்றாக உயரத்தில் இருப்பதால் மேற்கு மலை மறைப்பதில்லை. தோட்டத்து லயத்துக்கும் படம் கிடைத்தது. கேபிள் இருந்த ஊர்களில் தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம் 2017-இல் டிஜிட்டல் உரிமம் பெற்று செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. பல வீடுகளில் அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தது 2006 திட்டத்தில் அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சியோடுதான். டிஜிட்டல் பெட்டியிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட வயர் புறப்பட்டு, பழைய பால் முறைப் பெட்டியின் துளைகளில் போய் மாட்டிக்கொண்டது. ஏழை வீட்டில் இரண்டு காலத்துத் தரங்களையும் இணைத்தது அந்த மூவண்ண வயர். 2022 மார்ச்சுக்குள் எல்லையோரம் போன்ற சில இடங்கள் தவிர, நாட்டின் அனலாக் தரைவழி ஒளிபரப்பை ஏறக்குறைய முழுதும் நிறுத்துவது என்று தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி முடிவெடுத்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை 2014-இல் ஜப்பானிய ஐஎஸ்டிபி-டியைத் தேர்ந்தெடுத்தது. கூடவே ஜப்பானியக் கடனுக்கும் ஒப்பந்தமானது. அடுத்து ஆட்சி மாறியதும் திட்டம் இழுபறியானது. அது நிறைவேறினாலும், டிவிபி பெட்டி வைத்திருக்கும் ராமநாதபுரத்து வீட்டில் ரூபவாஹினி தெரியாது. 1982-இல் ஒரு குழாயைத் திருகியதும் கிடைத்த அண்டை நாடு, இனி அலை வந்து சேர்ந்தாலும் பெட்டிக்குப் புரியாத மொழி பேசும்.

அடுத்த தேர்வு இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. இணையம் இல்லாமல் செல்பேசிக்கே நேரடியாக ஒளிபரப்பும் டி2எம் திட்டத்துக்கு ஏடிஎஸ்சி 3.0 அடிப்படையாகியிருக்கிறது. அமெரிக்காவும் ஒற்றை அலையைக் கைவிட்டுப் பல அலைகளுக்கு வந்து சேர்ந்த முறை இது. 2024 ஜனவரியில் 19 நகரங்களில் சோதனை என்று அறிவிப்பு வந்தது. காலையில் போடியிலிருந்து ஜீப்பில் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, செல்பேசிச் சிக்னல் அறுந்து அறுந்து வரும் தோட்டங்களில் நாள் முழுக்க வேலை செய்யும் ஏலக்காய்த் தொழிலாளிகளுக்குத்தான் இந்தத் தொழில்நுட்பம் அதிகம் தேவைப்படும். நிலச்சரிவு எச்சரிக்கை அவர்கள் கைக்கு வர இணையம் வேண்டியதில்லை என்றால், அது உயிர் காக்கும் விஷயம். நகரங்களில் அளந்து முடித்துவிட்டு மலைக்குப் பிறகு வரலாம் என்பது 2016-இல் செய்து பார்த்த கணக்கு. இம்முறை அளவைக் கருவியை முதலில் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எடுத்துச் செல்லட்டும்.